விரதமும் ரண சிகிச்சையும்

பட்டினி கிடப்பதில் நம்மவர்களுக்கு ஈடு சொல்ல உலகத்தில் வேறு ஜனங்கள் இருப்பார்களா என்பது சந்தேகந்தான். ஏகாதசிக்கு ஒரு பட்டினி; சஷ்டிக்கு ஒரு பட்டினி; கார்த்திகைக்கு ஒரு பட்டினி. காய்ச்சல் வந்துவிட்டாலோ, 'லங்கணம் பரம ஔஷதம்' என்று மற்றொரு பட்டினி. இவற்றில் பல, தேகத்துக்கும் மனத்துக்கும் நன்மை செய்யக்கூடியவை என்பதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் இந்தப் பழக்கத்தினால் ஒரு விபரீதமும் உண்டாகியிருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னால் "ஒன்றும் சாப்பிடாமல் வாருங்கள்" என்று டாக்டர் சொன்னால், அதையும் நாம் ஒரு விரதமாகவே எடுத்துக்கொண்டு விடுகிறோம். விரதமோ, நீள நீளப் புண்ணியம் அதிகம். எனவே, டாக்டர் ஆறு மணி நேரம் என்றால் நாம் பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறோம். தண்ணீரும் தொடாமல் இருந்துவிட்டால் இன்னும் விசேஷம் என்று எண்ணிக்கொள்கிறோம்.

உண்மையில் டாக்டர் நம்மிடம் கேட்பது விரதம் அல்ல. காலியான இரைப்பை ஒன்றுதான். இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சிறிதென்று தோன்றலாம். ஆபரேஷன் மேஜையின்மீது படுத்துக் கிடப்பவருக்கு அது சிறிதல்ல.

நான் கொல்லிமலையில் பள்ளிக்கூட உபாத்தியாயர். நாமக்கல் ஜில்லாவில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தால் எங்கள் மலை. வல்வில் ஓரி ஆண்ட இடமென்பதும், அறப்பளீசுவரர் கோயிலும், ஆகாய கங்கை அருவியும் யாத்திரிகர்களுக்குத் தெரிந்த சங்கதிகள். அவர்களுக்குத் தெரியாத சங்கதி, இங்கே உபாத்தியாயருக்குப் பாடம் சொல்வது மட்டும் வேலையல்ல என்பது. பாங்கி பாரத்தைப் பூர்த்தி செய்வது, தபாலைப் படித்துக் காட்டுவது, ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு அர்த்தம் சொல்வது ஆகிய எல்லாம் மாலை வேளைகளில் என் திண்ணைக்கு வந்து சேரும்.

அப்படித்தான் எட்டாம் வகுப்பில் படிக்கும் பையன் ஒருவனுடைய தாயார் ஒரு நாள் வந்தாள். மிளகு பறிப்பதும் விறகு சுமப்பதுமாக உழைத்துத் தேய்ந்த உடம்பு. தொப்புளுக்கு அருகே குடலிறக்கம். சமவெளியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அங்கே ஆபரேஷன் செய்யாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு ஒரே ஆத்திரம்.

"வாத்தியாருங்களே, வவுத்தைத் தைச்சு விடுங்கன்னு போனா, போய் நல்லாச் சாப்பிட்டுட்டு வான்னு அனுப்பிட்டாங்க. இது என்ன வைத்தியமுங்க?" என்று கேட்டாள்.

சீட்டை வாங்கிப் பார்த்தேன். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.2 என்று எழுதியிருந்தது. ஸ்திரீகளுக்கு அது 12-க்குக் குறைந்தாலே இரத்தச் சோகை என்பது கணக்கு. இரும்புச் சத்து மாத்திரைகள் எழுதியிருந்தன. ஆறு வாரம் கழித்து வரவேண்டும் என்றும், அதற்குள் இறக்கம் கல்லைப்போல் இறுகி வலித்தாலோ வாந்தி எடுத்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஓடி வரவேண்டும் என்றும் குறித்திருந்தது. நியாயமான சீட்டு. ஆனால் அதன் நியாயத்தை அவளுக்கு எடுத்துச் சொல்ல அங்கே யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை போலும்.

அவள் கேட்ட கேள்வி லேசானதல்ல. ஆபரேஷனுக்கும் ஆகாரத்துக்கும் என்ன சம்பந்தம்? முன்பு சாப்பிடச் சொல்கிறவர்கள், பின்பு ஏன் சாப்பிடாதே என்கிறார்கள்? அன்று அவளுக்குச் சுருக்கமாகச் சொன்னதை இங்கே சற்று விரித்துச் சொல்கிறேன்.

முதலில், ஏன் சாப்பிடக் கூடாது என்பதைப் பார்ப்போம். நாம் விழித்திருக்கும்போது ஒரு பருக்கை தவறான வழியில் போனாலும் புரையேறி, இருமி, அதை வெளியே தள்ளிவிடுகிறோம். மயக்க மருந்து இந்தக் காவலாளியையும் உறங்க வைத்துவிடுகிறது. இரைப்பையில் சோறு இருந்தால் அது மேலே ஏறி மூச்சுக் குழலில் இறங்கக்கூடும். சோறு மூச்சை அடைக்கும். இரைப்பையின் அமிலமோ நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். பிராணாபத்தான விஷயம். ஆகையால், சாப்பிடக் கூடாதென்ற விதியைச் சாமானியமாக எண்ணி யாரும் மீறலாகாது.

ஆனால் எவ்வளவு நேரம் சாப்பிடாமல் இருப்பது? இதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. நம் நாட்டுச் சுசுருத சம்ஹிதையில், வாய், வயிறு, மூலம், கல்லடைப்பு முதலிய சில நோய்களுக்குச் சஸ்திரம் வைக்கும்போது நோயாளி உண்ணாதிருக்க வேண்டுமென்றும், மற்றவற்றில் முன்னதாகவே அவனுக்கு இஷ்டமான ஆகாரம் கொடுக்க வேண்டுமென்றும் கூறியிருக்கிறது. மயக்க மருந்து இல்லாத காலம் அது. வலியில் மூர்ச்சை போகாமலிருக்கத் தெம்பு வேண்டுமல்லவா? எல்லாம் நமக்கு முன்பே தெரியும் என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. இடத்துக்கும் நோய்க்கும் தக்கபடி பட்டினியை அளந்து கொடுக்க வேண்டுமென்ற எண்ணம் பழமையானது என்பதற்காகவே சொல்கிறேன்.

1847-ல் எடின்பரோ நகரத்து ஸிம்ஸன் குளோரபாரத்தைக் கையாளத் தொடங்கினார். பின்னர் 1883-ல், ரண சிகிச்சையில் கிருமி நாசினியைப் புகுத்திய லிஸ்டர், இவ்விஷயத்தைப் பற்றித் தெளிவாக எழுதினார். குளோரபாரம் கொடுக்கும்போது வயிற்றில் திட ஆகாரம் இருக்கலாகாது; ஆனால் இரண்டு மணி நேரம் முன்னதாக ஒரு கிண்ணம் தேநீரோ, இறைச்சி ரசமோ கொடுப்பது மிகவும் நல்லது என்பது அவருடைய அபிப்பிராயம். திட ஆகாரம் வேறு, தெளிந்த பானம் வேறு என்று அவர் பிரித்துப் பார்த்தார்.

1946-ல் நியூயார்க்கில் மெண்டல்ஸன் என்ற டாக்டர், பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றின் 44,016 பிரசவங்களை ஆராய்ந்தார். அவற்றில் 66 பேருக்கு மயக்கத்தில் வயிற்றிலிருந்தது நுரையீரலுக்குள் போயிருந்தது. இறந்தவர் இருவர், அவ்விருவருக்கும் திட ஆகாரமே மூச்சை அடைத்திருந்தது. இந்த ஆராய்ச்சியினால் பல உயிர்கள் காப்பாற்றப்பட்டன. ஆனால் இதன் பிறகு லிஸ்டர் கண்ட பிரிவினை மெல்ல மறைந்தது. சோறானாலும் தண்ணீரானாலும், காலையில் ஆபரேஷனானாலும் மாலையில் ஆபரேஷனானாலும், "நள்ளிரவுக்கு மேல் வாயில் ஒன்றும் படக்கூடாது" என்ற ஒரே விதி உலகம் முழுவதும் பரவிவிட்டது. சொல்வதற்கும் எளிது, எழுதி மாட்டுவதற்கும் எளிது.

அந்த எளிய விதி என்ன செய்யும் என்பதை என் குடும்பத்திலேயே கண்டேன். சுமார் இருபது வருஷங்களுக்கு முன்னால், வேறொரு ஊரில் என் தகப்பனாருக்கு ஆபரேஷன் நடந்தது. முதல் நாள் இரவு 8 மணிக்கு இரண்டு இட்டிலி சாப்பிட்டார். மறுநாள் மாலை 4 மணிக்குத்தான் அவரை உள்ளே அழைத்துக்கொண்டு போனார்கள். இருபது மணி நேரம்! நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தலைவலி மண்டையைப் பிளந்தது. பஞ்சை நனைத்து உதட்டைத் துடைப்பதற்கு மட்டும் எங்களுக்கு உத்தரவு இருந்தது. ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் பிற்காலத்தில் அவர் கத்தியைப் பற்றிப் பேசினதே இல்லை. அந்தத் தாகத்தைப் பற்றித்தான் பேசுவார்.

அதற்கு வெகு நாள் முன்பே வைத்திய உலகம் விழித்துக்கொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. 1980-களில் கனடாவின் கால்கரி நகரத்திலும் வேறு இடங்களிலும் சோதித்துப் பார்த்தார்கள். ஆபரேஷனுக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பு தண்ணீர் குடித்தவர்களின் இரைப்பையில், குடிக்காதவர்களுடையதைவிட அதிகமாக ஒன்றும் தங்கியிருக்கவில்லை. தண்ணீர் இரைப்பையில் வெகு நேரம் தங்குவதில்லை, சோறுதான் தங்குகிறது. 1999-ல் அமெரிக்க மயக்க மருந்து நிபுணர் சங்கத்தார் விதியைத் திருத்தி வெளியிட்டார்கள். தெளிந்த பானம் 2 மணி நேரம் முன்பு வரை, தாய்ப்பால் 4 மணி நேரம் முன்பு வரை, லேசான ஆகாரமும் பசும்பாலும் 6 மணி நேரம் முன்பு வரை, எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த ஆகாரமானால் 8 மணி நேரம் முன்பு வரை என்பது அதன் சாரம். லிஸ்டர் சொன்ன இடத்துக்கே, 116 வருஷம் சுற்றிவிட்டு வந்து சேர்ந்தார்கள்!

இங்கே நம் வீடுகளுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. பால் விட்ட காப்பி தெளிந்த பானம் அல்ல. பால் வயிற்றில் திரிந்து கட்டியாகிவிடுவதால் அது ஆகாரத்தோடு சேர்ந்தது. கஞ்சியும் மோரும் அப்படியே. தண்ணீர், பால் சேராத தேநீர், கடுங்காப்பி, சக்கை இல்லாமல் வடிகட்டிய பழரசம் ஆகியவையே தெளிந்த பானங்கள். எங்கள் மலையில் காப்பி விளைகிறது, கடுங்காப்பிக்குப் பஞ்சமில்லை.

இனி, ஏன் சாப்பிட வேண்டும் என்ற மறுபாதிக்கு வருவோம். கத்தி பட்ட உடம்பு, போரில் இறங்கின ராஜ்யத்தைப் போன்றது; கஜானாவில் உள்ளதெல்லாம் செலவாகும். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். வெளியிலிருந்து வராவிட்டால் உடம்பு தன் தசையையே கரைத்து எடுத்துக்கொள்ளும். நீண்ட பட்டினியினால் ஈரலில் சேர்த்து வைத்த சர்க்கரையும் தீர்ந்துபோய், இன்சுலின் சரிவர வேலை செய்யாத நிலை ஏற்படுகிறது. பெரிய ஆபரேஷன்களுக்கு முன்னால் முதல் நாள் இரவும் அன்று காலை இரண்டு மணி நேரம் முன்பும் மாவுச்சத்துக் கலந்த தெளிந்த பானம் கொடுக்கும் முறையை, ஸ்வீடனில் யுங்க்விஸ்ட் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து பரப்பினார்கள். பசியும் தாகமும் குறைகின்றன. இன்சுலின் கோளாறும் குறைகிறது.

ஆனால் ஒரு காலையில் குடிக்கும் பானத்தைவிடப் பல வாரங்கள் சாப்பிட்ட சாப்பாடு பெரியது. 1936-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் ஸ்டட்லி என்ற டாக்டர், இரைப்பைப் புண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட நோயாளிகளின் கணக்கை எடுத்தார். முன்னதாகவே தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்துபோனார். அவ்வளவு இழக்காதவர்களில் இறந்தவர் நூற்றுக்கு 3.5 பேர்தான். அதே வியாதி, அதே ஆபரேஷன். தேகத்தின் இருப்புத்தான் வேறு.

"உங்களை அவர்கள் திருப்பி அனுப்பவில்லை, அம்மா. வைத்தியத்தைத் தொடங்கித்தான் அனுப்பியிருக்கிறார்கள். முதல் ஆறு வாரம் உங்கள் வீட்டு அடுப்பில் நடக்க வேண்டியது" என்றேன். அவள் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தாள்.

அந்த அடுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொல்லிமலை சிறுதானிய பூமி. சாமையும், தினையும், ராகியும், பனிவரகும் இங்குள்ள மலையாளி ஜனங்களின் பழைய ஆகாரம். பிறகு மரவள்ளிக் கிழங்கு பணப் பயிராக வந்து நிலத்தைப் பிடித்துக்கொண்டது; ரேஷன் அரிசி வந்து பானையைப் பிடித்துக்கொண்டது. 1990-கள் முதற்கொண்டு எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இங்கே சிறுதானியங்களைக் காப்பாற்ற உழைத்தும், பல வீடுகளில் அவை விருந்தாளியைப்போல் எப்போதாவதுதான் வருகின்றன. ராகியும் சாமையும் நல்ல ஆகாரங்களே. ஆனால் களி மட்டும் தின்று இரத்தச் சோகை தீர்ந்துவிடும் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை, அது பொய். மாத்திரை அவசியம். அதோடு பருப்பு, மொச்சை, அவரை, கொள்ளு, முருங்கைக் கீரை, முட்டை ஆகியவை வேண்டும்.

முட்டை என்றதும் அவள் சிரித்தாள். எங்கள் நாமக்கல் ஜில்லா முட்டை தேசமெங்கும் போகிறது. அவள் வீட்டுக் கோழியும் முட்டையிடுகிறது. அது புருஷனுக்கும் பையனுக்கும் போய்ச் சேருகிறது. அவளோ எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சின சோற்றையும் இரசத்தையும் சாப்பிடுகிறவள். 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள ஸ்திரீகளில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தச் சோகை. அத்தனை வீடுகளிலும் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. இலை போடும் வரிசையில் அவர்கள் கடைசி என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஆகவே சீட்டை அவளுக்குப் படித்துக் காட்டினது போதவில்லை. அவள் புருஷனையும் மாமியாரையும் வரவழைத்துப் படித்துக் காட்டினேன். அவளுடைய எடை 44 கிலோ. ரண சிகிச்சைக்குப் போகிறவருக்குக் கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் 1.2 கிராம் புரதமாவது வேண்டுமென்பது கணக்கு. அதாவது, சுமார் 53 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். நூறு கிராம் பருப்பில் 22 கிராம். பையன் சிலேட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்து, "அம்மாவுக்குத் தினம் ரெண்டு முட்டை" என்று தீர்ப்புச் சொன்னான். மாத்திரையை எலுமிச்சம் பழரசத்தோடு சாப்பிட வேண்டும், அந்த வேளையில் காப்பியும் தேநீரும் ஆகாது என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்ததையும் விளக்கினேன். புளிப்பு, இரும்பை உடம்பில் சேர்க்கும்; காப்பியும் தேநீரும் தடுக்கும்.

ஆறு வாரத்தில் ஹீமோகுளோபின் 10.9 ஆயிற்று. டாக்டர் நாள் குறித்துவிட்டார். இனிமேல்தான் விரதம் தலைகாட்டியது. மாமியார் அறப்பளீசுவரருக்கு நேர்ந்துகொண்டு, மருமகள் முதல் நாள் மத்தியானத்திலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். சுவாமி காரியத்தில் உபாத்தியாயன் குறுக்கே நிற்க முடியுமா? "நேர்த்திக் கடனை வீடு திரும்பின பிறகு கோயிலுக்குப் போய்ச் செலுத்துங்கள், டாக்டர் சொன்னபடி நடப்பதுதான் இப்போது விரதம்" என்று மன்றாடினேன். எப்படியோ கிழவி சம்மதித்தாள். டாக்டரிடம் டெலிபோனில் கேட்டு, பள்ளிக்கூடத்துக் கால அட்டவணையைப்போல் ஒரு காகிதத்தில் எழிதாகக் குறித்தேன்: இரவு 9 மணி வரை சாப்பாடு, அதன்பின் ஆகாரம் இல்லை, காலை 7 மணி வரை தண்ணீர் அல்லது சர்க்கரை போட்ட கடுங்காப்பி, 9 மணிக்கு ஆபரேஷன்.

அட்டவணை ஆஸ்பத்திரியில் நிலைப்பது அபூர்வம். காலை 8 மணிக்கு, அவசர நோயாளி ஒருவர் வந்துவிட்டதால் இவளுடைய முறை பகல் 1 மணிக்குத் தள்ளிப்போயிற்று. அவசரக்காரருக்கு வழிவிட வேண்டியது தர்மமே. ஆனால் தண்ணீர் கேட்டபோது, "ஆபரேஷன் முடியும் வரை ஒன்றும் கூடாது" என்று வார்டில் சொல்லிவிட்டார்கள். அப்போது அந்தப் பையன், எட்டாம் வகுப்புப் பையன், காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நர்ஸம்மாளிடம் போனான். "அக்கா, தண்ணிக்கு ரெண்டு மணி நேரம்னு போட்டிருக்கு. இப்ப ஒரு மணிக்குன்னா, பதினோரு மணி வரைக்கும் குடிக்கலாமா? டாக்டரைக் கேட்டுச் சொல்றீங்களா?" என்றான். அந்தப் புண்ணியவதி கோபித்துக்கொள்ளவில்லை. மயக்க மருந்து டாக்டரை உடனே டெலிபோனில் விசாரித்தாள். 11 மணி வரை கொடுக்கலாம் என்று பதில் வந்தது. தாயார் இரண்டு டம்ளர் கடுங்காப்பி குடித்தாள். 1 மணிக்குத் தானே நடந்து உள்ளே போனாள். அன்று மாலையே சிறிது ஆகாரம் உண்டு, மூன்றாம் நாள் எழுபது வளைவுகளும் ஏறி வீடு வந்து சேர்ந்தாள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, யாரும் தாமாகவே மணிக் கணக்குப் போட்டுக்கொள்ளலாகாது. சர்க்கரை வியாதிக்காரர்கள், கர்ப்பிணிகள், குடல் அடைப்பு உள்ளவர்கள், நெஞ்சில் புளிப்பு எதுக்களிப்பவர்கள், எடை குறைய ஊசி போட்டுக்கொள்பவர்கள் ஆகியோருக்குக் கணக்கு வேறு. சாப்பிட்டுவிட்டு அதை மறைத்துப் படுப்பது எல்லாவற்றையும்விட அபாயம். சாப்பிட்டிருந்தால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், அவர்கள் நேரத்தை மாற்றிக்கொள்வார்கள்.

நேயர்கள் வீட்டில் யாருக்கேனும் நாள் குறித்த ஆபரேஷன் வருமானால், டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இரத்தமும் எடையும் போதுமா, இன்னும் தேற்றிக்கொண்டு வரவேண்டுமா? சோற்றை எத்தனை மணிக்கு நிறுத்துவது, தண்ணீரை எத்தனை மணிக்கு நிறுத்துவது? நேரம் தள்ளிப்போனால், தண்ணீர் கொடுக்கலாமா என்று யாரைக் கேட்பது? பதிலை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் காகிதத்தை, கேட்பதற்குக் கூச்சப்படாத ஒருவர் கையில் கொடுத்து வையுங்கள். எட்டாம் வகுப்புப் பையனாக இருந்தாலும் போதும்.